கழற்றி வைத்த கூண்டுக்கு யார் பொறுப்பு?



ஃபோர்க்லிஃப்ட் கவிழ்ந்து ஆள் இறந்தால், ‘ஓட்டுநரின் கவனக்குறைவு’ என்று ஒரு வரியில் செய்தி முடிந்துவிடுகிறது. அந்த வண்டியில் சீட் பெல்ட் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

அம்பத்தூரில் ஸ்டோர்ஸ் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். வாடகைக்கு வந்த ஒரு வண்டியில் ரிவர்ஸ் ஹாரன் ஒயர் அறுந்து கிடந்தது. கண்டெய்னருக்குள் நுழைய இடிக்கிறதென்று, தலைக்கு மேலிருக்கும் கம்பிக் கூண்டைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள். வண்டிக்காரர், “அனுப்பும்போது எல்லாம் சரியாத்தான் சார் இருந்துச்சு” என்றார். சூப்பர்வைசர் காண்டிராக்டரைக் கைகாட்டினார், அவர் ஓட்டுநரை. ஓட்டுநருக்கோ அன்றைய கூலி போய்விடுமே என்ற பயம்.

இத்தனைக்கும் சட்டத்தில் குழப்பம் இல்லை. போபால் விஷவாயு விபத்துக்குப் பின், 1987-இல், தொழிற்சாலைகள் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தார்கள். இயந்திரங்களை ஆபத்தில்லாமல் பராமரிக்கும் கடமையை அது ஆலையைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர் மீதுதான் சுமத்தியது. வாடகை வண்டி என்பது சாக்காகாது.

வண்டி சாயும்போது எவரும் வெளியே குதிக்கத்தான் பார்ப்பார். குதித்தவர் மேலேயே வண்டி விழுகிறது. இருக்கையோடு பிடித்து வைப்பது அந்தப் பெல்ட்தான். (வெயிலில் அது கசகசக்கும் என்பதும் உண்மை.)

கேட்டில் லாரிக்கு எடை போட ஆள் இருக்கிறார். ஃபோர்க்லிஃப்டைச் சுற்றிப் பார்த்து, குறையிருந்தால் திருப்பி அனுப்பி, பதிவேட்டில் கையெழுத்துப் போடவும் ஒருவரை நியமிக்கட்டும். விபத்து நடந்தால் ஆய்வாளர் முதலில் அந்தப் பதிவேட்டைக் கேட்கட்டும். ஓட்டுநரின் லைசென்ஸை அப்புறம் பார்க்கலாம்.

ஓய்வுபெற்ற ஸ்டோர் கீப்பர்,
சென்னை