காப்பியும் கொஞ்சம் பயமும்

1961-ல் அமெரிக்க டாக்டர்களின் மனைவிமார்கள் ஒரு காரியம் செய்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்களைக் காப்பிக்குக் கூப்பிட்டார்கள். காப்பி ஆறுவதற்குள் ஓர் எல்.பி. ரிக்கார்டைச் சுழலவிட்டார்கள். பாட்டு இல்லை, ஒரு சினிமா நடிகரின் பேச்சு. வயசானவர்களின் ஆஸ்பத்திரிச் செலவை அரசாங்கம் ஏற்கப் போகிறதாம். இன்றைக்கு விட்டால் நாளைக்கு டாக்டர் எந்த ஊரில் போர்டு மாட்ட வேண்டும் என்பதையும் சர்க்காரே சொல்லும். அதற்கு அடுத்தது சோஷலிஸம்தான் என்று வெண்ணெய் போன்ற குரலில் எச்சரித்தார். ரிக்கார்டு முடிந்ததும் பேனா, பேப்பர். அவரவர் காங்கிரஸ் உறுப்பினருக்குக் கடிதம் எழுத வேண்டும், தானாகத் தோன்றி எழுதினது மாதிரி.

அமெரிக்க மருத்துவர் சங்கம் இதற்கு வைத்த பெயர் 'ஆபரேஷன் காபி கப்'. நடிகர், ரொனால்ட் ரீகன். அவர் மாமனார் சிகாகோவில் பெரிய நியூரோ சர்ஜன் என்பது உபரித் தகவல்.

அரசாங்க வைத்தியத்தை எதிர்க்கிறவர்கள் அன்றைக்குக் கண்டுபிடித்த சூத்திரம் இன்றுவரை மாறவில்லை. 'தேசம் கெட்டுவிடும்' என்று மேடையில் கத்தினால் ஜனங்களுக்குக் கொட்டாவி வரும். 'உங்கள் டாக்டரை உங்களிடமிருந்து பிடுங்கிவிடுவார்கள்' என்று சமையலறையில் மெதுவாகச் சொல்லுங்கள், ராத்திரி தூக்கம் போய்விடும். இல்லாதவனிடம் பேசிப் பிரயோஜனமில்லை. ஏதோ கொஞ்சம் வைத்திருக்கிறவனிடம்தான் பேச வேண்டும்.

அந்தக் கொஞ்சம் எப்படி வந்தது? ஆபீஸ் போகிறவர்கள் இங்கே கவனிக்கவும். 1942-ல், யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, சம்பளத்தை இஷ்டத்துக்கு ஏற்றக்கூடாது என்று அமெரிக்க அரசு கடிவாளம் போட்டது. ஆளோ கிடைக்கவில்லை. முதலாளிகள் பார்த்தார்கள். சம்பளம்தானே கூடாது, இன்ஷூரன்ஸ் கொடுக்கலாமே? அது சம்பளக் கணக்கில் வராது என்று அரசும் தலையாட்டியது, பிறகு வரிவிலக்கும் கொடுத்தது. அவசரத்துக்குப் போட்ட பந்தலே வீடாகிவிட்டது. வேலை இருந்தால் வைத்தியம். வேலை போனால் இரண்டும் போச்சு.

போனவர்களுக்காக ஒரு சட்டம் உண்டு. 1986-லிருந்து அமலில் இருக்கிறது. பழைய கம்பெனியின் இன்ஷூரன்ஸை, பொதுவாகப் பதினெட்டு மாசம் வரை, நீங்களே முழுப் பணத்தையும் கட்டித் தொடரலாம். கம்பெனி கட்டி வந்த பங்கும் உங்கள் தலையில். மேலே நிர்வாகச் செலவுக்கு இரண்டு சதவீதம். வேலையில்லாதவனிடம் இந்தத் தொகையைக் கேட்கும் சட்டத்தின் பெயர் கோப்ரா. நான் வைத்ததல்ல சார், நீளமான பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்தால் அப்படித்தான் வருகிறது.

நியூஜெர்ஸியில் இருக்கும் நம் பையன்கள் பல்வலியைப் பொறுத்துக்கொண்டு, டிசம்பர் லீவில் மயிலாப்பூர் வந்து பிடுங்கிக்கொண்டு போகிறார்கள் என்றால், சும்மா இல்லை. அவர்களாவது பல்லோடு போயிற்று. 2014-க்கு முன்னால் ஆஸ்துமாவோ சர்க்கரையோ இருந்தால் தனியாக இன்ஷூரன்ஸ் வாங்குவது குதிரைக்கொம்பு. மேனேஜரைப் பார்த்தால் வயிறு எரிந்தாலும், வீட்டில் ஒரு நோயாளி இருந்தால் ராஜினாமாக் கடிதம் சட்டைப் பையிலேயே மடிந்து கிடக்கும். பொருளாதார நிபுணர்கள் இதற்கு 'ஜாப் லாக்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

இப்படிப் பூட்டிக் கிடக்கிறவன்தான் சீர்திருத்தத்தை முதலில் வரவேற்பான் என்று நினைப்போம். இல்லை. இருக்கிற பூட்டும் போய்விடுமோ என்று பயப்படுகிறான். 1993-ல் கிளின்டன் தம்பதி 1,342 பக்கத்தில் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் சங்கம் டி.வி.யில் ஹாரி, லூயிஸ் என்று ஒரு ஜோடியைக் காட்டியது. நடுத்தர வர்க்கம், மேஜை மேல் பில்கள், முகத்தில் கவலை. சர்க்கார் அதிகாரிகள் போட்ட திட்டங்களிலிருந்துதான் பொறுக்க வேண்டுமாமே என்று பேசிக்கொண்டார்கள். 1,342 பக்கத்தை யார் படிப்பது? முப்பது செகண்டு பார்க்கலாம். 1994 செப்டம்பரில் மசோதாவுக்குக் காரியம் முடிந்தது.

பயந்தவர்களை முட்டாள் என்று சொல்ல எனக்கு மனசில்லை. 'உங்களுக்குப் பிடித்த இன்ஷூரன்ஸை நீங்களே வைத்துக்கொள்ளலாம்' என்று ஒபாமா திரும்பத் திரும்பச் சொன்னார். 2013-ல் லட்சக்கணக்கானவர்களுக்கு 'உங்கள் பாலிஸி ரத்து' என்று கடிதம் வந்தது. ஜனாதிபதி டி.வி.யில் ஸாரி சொன்னார். ஹாரி-லூயிஸ் அன்றைக்குக் கவலைப்பட்டது முழுப் பொய் என்று எப்படிச் சொல்வது? பயம் நிஜம். அதைப் பாக்கெட் போட்டு விற்றவர்களின் கவலை மட்டும் வேறு.

வந்த பிறகு நடப்பதுதான் தமாஷ். ரீகன் எச்சரித்த அந்த முதியோர் திட்டம் 'மெடிகேர்' என்ற பெயரில் 1965 ஜூலை 30-ல் சட்டமானது. 1945-லேயே தேசம் முழுவதற்கும் இன்ஷூரன்ஸ் கேட்டு, டாக்டர்கள் தலைக்கு 25 டாலர் வசூல் போட்டு எதிர்த்ததில் தோற்றுப்போன ட்ரூமனுக்கு அப்போது 81 வயசு. ஜான்ஸன் அவர் ஊருக்கே போய்க் கையெழுத்துப் போட்டு, முதல் கார்டை அவரிடம் கொடுத்தார். டாக்டர்கள் யாரும் தெருவுக்கு வந்துவிடவில்லை, சௌக்கியமாகவே இருந்தார்கள். ரீகனும் எட்டு வருஷம் ஜனாதிபதியாக இருந்தார். மெடிகேரை ஒழிக்கவில்லை. 2009-ல் சவுத் கரோலினாவில் ஒபாமா திட்டத்தைப் பற்றி ஒரு கூட்டம். ஒருவர் எழுந்து, 'என் மெடிகேர் மேல் அரசாங்கம் கை வைக்கக்கூடாது!' என்று சத்தம் போட்டார். மெடிகேரை நடத்துவதே அரசாங்கம்தான் ஐயா என்று உறுப்பினர் எடுத்துச் சொல்லியும் அவர் நம்புவதாக இல்லை.

ஒபாமா திட்டத்துக்கும் அதே கதி. 2017 ஜூலையில் அதைப் பிரித்துப் போட வந்த மசோதா செனட்டில் 49-க்கு 51 என்று விழுந்தது. இந்தத் தடவை சமையலறையில் கவலைப்பட்டவர்கள், அந்தத் திட்டத்தால் இன்ஷூரன்ஸ் கிடைத்தவர்கள்.

ஹாரி-லூயிஸாக நடித்த அதே இரண்டு பேர் 2009-ல் மறுபடி டி.வி.யில் வந்தார்கள். கொஞ்சம் வயசாகியிருந்தது. இந்த முறை, சீர்திருத்தம் வேண்டும் என்றார்கள். விளம்பரச் செலவில் பங்கு, மருந்துக் கம்பெனிகள் சங்கத்துடையது.