கோப்பு முடிந்தது, காரியம் முடிந்ததா?

2024 ஜனவரி 1 அன்று மாநகராட்சிகளிலும் நகராட்சிகளிலும் நடைமுறைக்கு வந்த கே-ஸ்மார்ட் மென்பொருள், 2025 ஏப்ரலில் கேரளத்தின் 941 கிராம பஞ்சாயத்துகளுக்கும் விரிந்தது. நெய்யாற்றின்கரை நகராட்சியில் வீடு கட்ட அனுமதி கேட்பவரும், பாறசாலை, காரோடு, குளத்தூர், செங்கல் பஞ்சாயத்துகளில் பிறப்புச் சான்றிதழோ சொத்து வரி ரசீதோ வேண்டி வருகிறவரும் இப்போது ஒரே வாசல் வழியாகத்தான் நுழைகிறார்கள். இத்தகைய அமைப்பு நன்றாக இயங்குகிறதா என்று கேட்டால், வந்த விண்ணப்பங்கள் இத்தனை, முடித்த கோப்புகள் இத்தனை என்ற கணக்கே வழக்கமான பதில். அந்தக் கணக்கு பொய்யல்ல. அலுவலகம் எவ்வளவு வேலை செய்தது என்று அது சொல்லும். விண்ணப்பித்தவருடைய காரியம் நடந்ததா என்று சொல்லாது. அந்த இரண்டாவது கேள்விக்கான விடையை அளந்து, பஞ்சாயத்து வாரியாக வெளியிடுவதை அரசு கட்டாயமாக்க வேண்டும். அதைத் தொடங்க மாநிலத்தின் தென்கோடியில் தமிழ்நாட்டை ஒட்டியுள்ள இந்த எல்லைக் கிராமங்களே பொருத்தமான இடம்.

கேரளத்தின் சாதனையைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கமல்ல. உள்ளாட்சிகளைக் கணினிமயமாக்க 1999இலேயே இன்பர்மேஷன் கேரளா மிஷன் உருவானது. 2002இல் மலப்புறத்தில் தொடங்கிய அக்ஷயா பொதுச் சேவை மையங்கள் பின்னர் மாநிலம் முழுவதும் பரவின. மத்திய அரசு 2021ஆம் ஆண்டுக்கு நடத்திய தேசிய மின்னாளுகைச் சேவை மதிப்பீட்டில், மாநில இணையவாசல்களில் கேரளத்தினுடையதே முதலிடம் பெற்றது. ஆனால் அந்த மதிப்பீட்டின் அளவுகோல்களைப் பார்க்க வேண்டும்: எளிதில் அணுக முடிகிறதா, தகவல் முழுமையாக உள்ளதா, பாதுகாப்பு இருக்கிறதா, விண்ணப்பத்தின் நிலையை அறிய முடிகிறதா என்பவைபோன்ற கேள்விகள் அவை. எல்லாம் வேண்டியவையே. எனினும் இவை பெரும்பாலும் வாசலின் தரத்தையே அளக்கின்றன. அதற்குள் நுழைந்த ஒருவர் எத்தனை நாளில், எத்தனை அலைச்சலுக்குப் பின், கையில் என்ன தாளோடு வெளியே வந்தார் என்பது தனிக் கணக்கு.

வழக்கமான எண்களில் மூன்று குறைகள் உள்ளன. முதலாவது, 'முடித்தது' என்ற கணக்கு. ஓர் ஆவணம் குறைகிறது என்று திருப்பி அனுப்பிய விண்ணப்பமும் முடித்த பட்டியலில் சேர்ந்து, அதே ஆள் மறுபடி கொடுப்பது புதிய விண்ணப்பமாகப் பதிவானால், ஒருவருடைய இரண்டு மாத அலைச்சல் அலுவலகத்தின் இரண்டு விரைவான சாதனைகளாகத் தெரியும். இரண்டாவது, பயன்பாட்டுக் கணக்கு. தகவல் அமைப்புகளின் வெற்றியை ஆராய்ந்த டிலோனும் மெக்லீனும் 1992இல் வகுத்து 2003இல் திருத்திய சட்டகத்தில், பயன்பாட்டோடு பயனர் நிறைவும் நிகரப் பயனும் தனித்தனி அளவுகளாக நிற்கின்றன. வேறு வழியில்லாமல் பயன்படுத்தும் அமைப்பில் பயனர் எண்ணிக்கை எதையும் நிரூபிக்காது என்பது அத்துறையில் நெடுநாளாகப் பேசப்படும் செய்தி. காகித விண்ணப்பத்தின் கதவை மூடிவிட்டு, இத்தனை லட்சம் பேர் இணையத்துக்கு வந்தார்கள் என்று பெருமைப்படுவதில் பொருளில்லை. அவர்களில் எத்தனை பேர் தாங்களே விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் கட்டணம் கொடுத்து அக்ஷயா மையத்தில் செய்வித்தார்கள் என்பதே பயனுள்ள கேள்வி.

மூன்றாவது, சராசரி. ஆண்டு முழுவதும் 99 சதவீத நேரம் இயங்கும் சர்வர் என்றால் கேட்க நன்றாக இருக்கும். மீதி ஒரு சதவீதம் ஏறத்தாழ 88 மணி நேரம். அது நள்ளிரவில் போனால் யாருக்கும் நஷ்டமில்லை. ரேஷன் கடை திறந்திருக்கும் நேரத்தில் போனால் அன்றைய கூலியை விட்டு வரிசையில் நிற்பவர் இழக்கிறார். இதைக் கேரளம் கண்டிருக்கிறது. ரேஷன் கடைகளின் இ-போஸ் இயந்திரங்களின் சர்வர் தாங்காததால் 2022 இறுதியில் மாவட்டங்களை இரண்டாகப் பிரித்து, பாதிக்குக் காலையிலும் பாதிக்கு மாலையிலும் ரேஷன் கொடுக்க வேண்டிவந்தது. 2024 மார்ச்சில் முன்னுரிமை அட்டைதாரர்களின் 'மஸ்டரிங்' என்னும் அடையாளச் சரிபார்ப்பு சர்வர் கோளாறால் நிறுத்திவைக்கப்பட்டது. ஆண்டுச் சராசரிக்குள் இந்த நாட்கள் கரைந்துபோகும். ஆகவே, வேலை நேரத்தில் எத்தனை மணி நேரம் முடங்கியது, அதனால் எத்தனை பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள் என்று எண்ணினால்தான் அது உண்மையான அளவு.

சராசரி மறைப்பவற்றில் எல்லைக் கிராமங்களின் சிக்கலே தலையாயது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்கள் இன்றைய தமிழ்நாடான சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. கோடு விழுந்ததே தவிர, பெண் கொடுப்பதும் எடுப்பதும், சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போவதும் நிற்கவில்லை. பாறசாலைக்காரி மார்த்தாண்டத்திலோ குழித்துறையிலோ பிரசவித்தால், பிறந்த இடத்தில்தான் பதிவு என்ற 1969ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி குழந்தையின் பதிவு தமிழ்நாட்டில் இருக்கும்; குடும்பத்தின் ரேஷன் அட்டையும் வீட்டு வரியும் கேரளத்தில் இருக்கும். ஓர் ஆவணத்தில் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னால் நிற்கும், இன்னொன்றில் பின்னால் போகும், மூன்றாவதில் வீட்டுப்பெயர் சேரும். தமிழில் எழுதிய பெயரும் மலையாளத்தில் எழுதிய பெயரும் ஆங்கிலத்துக்குப் போகும்போது இரண்டு ஆளாகிவிடும். ஆளைத் தெரிந்த எழுத்தர் ஒரு பார்வையில் தீர்க்கக்கூடிய இந்த வேறுபாட்டைக் கட்டங்களை மட்டும் ஒப்பிடும் மென்பொருள் தடையாக்கிவிடுகிறது. அந்தப் பெண் தமிழ்நாட்டின் இ-சேவை மையத்துக்கும் கேரளத்தின் அக்ஷயாவுக்குமாக நடக்கும் நடை எந்த மாநிலத்தின் கணக்கில் ஏறும்? இரண்டு அமைப்பும் தன்னளவில் குறையின்றி இயங்கலாம். அவளுடைய வேலை மட்டும் நடக்காமல் இருக்கலாம்.

அமைப்பை நடத்துகிறவரே அதன் ஒரே அளவையாளராக இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டன் அஞ்சல் துறையின் ஹொரைசன் விவகாரம் சான்று. 1999இல் அறிமுகமான அந்தக் கணக்கு மென்பொருள் நம்பகமானது என்று நிர்வாகம் ஆண்டுக்கணக்கில் சாதித்தது. அது காட்டிய பற்றாக்குறையைத் திருட்டு என்று நம்பி 900க்கும் மேற்பட்ட கிளை அஞ்சலகப் பொறுப்பாளர்கள் தண்டிக்கப்பட்டார்கள். பிழைகள் மென்பொருளில் இருந்ததை 2019இல்தான் உயர் நீதிமன்றத் தீர்ப்பு உறுதிப்படுத்தியது. இங்கே அத்தகைய கொடுமை நடக்கிறது என்று நாம் சொல்லவில்லை. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவரின் சாட்சியம் அளவீட்டில் இடம்பெறாவிட்டால், பிழை பிழையாகவே தெரியாது என்பதுதான் அங்கிருந்து நாம் கற்க வேண்டியது.

மறுப்புகள் எழும். எல்லைக் குடும்பங்கள் மாநில மக்கள்தொகையில் சிறு பகுதி, அவர்களுக்காக அளவுகோலை மாற்றுவதா என்று கேட்கலாம். பாலத்தின் வலிமையை ஆளில்லாத நேரத்தில் சோதிப்பதில்லை. கனமான வண்டியை ஏற்றித்தான் பார்க்கிறோம். எல்லையில் தடுக்கும் பெயர் வேறுபாடு, திருமணமாகி வேற்றூர் போன பெண்ணையும் பிற மாநிலத் தொழிலாளியையும் வெளிநாட்டிலிருந்து திரும்பியவரையும் தடுக்கக்கூடியதே. கடினமான வழக்கைத் தீர்க்கும் அமைப்பு எளியதைத் தானாகவே தீர்க்கும். இன்னொரு மறுப்பு, ஆள் போதாத பஞ்சாயத்து அலுவலகத்தின் தலையில் அளவீட்டையும் சுமத்தலாமா என்பது. நியாயமான கவலை. ஆனால் திருப்பி அனுப்பிய தடவைகள், காரணம், முதல் விண்ணப்பத்திலிருந்து கழிந்த நாட்கள் ஆகியவற்றை மென்பொருளே குறித்துவைக்க முடியும். மீதிக்கு மாதந்தோறும் சில விண்ணப்பங்களைக் குலுக்கி எடுத்து, குடும்பஸ்ரீ மகளிர் குழு உறுப்பினர்களைக் கொண்டு உரியவரிடம் கேட்டாலே போதும். மக்களின் அதிருப்தி அகவயமானது, அளவாகாது என்றும் சொல்வார்கள். எத்தனை தடவை வந்தீர்கள், எவ்வளவு செலவானது, சான்றிதழில் பெயர் சரியாக இருக்கிறதா என்ற கேள்விகளுக்கு விடை அபிப்பிராயமல்ல, தகவல்.

எனவே, ஒவ்வொரு பஞ்சாயத்தும் ஐந்து எண்களை வெளியிட வேண்டும்: முதல் முறையிலேயே முடிந்த விண்ணப்பங்களின் விகிதம், மறுவிண்ணப்பங்களையும் சேர்த்து முதல் நாளிலிருந்து கணக்கிட்ட கால அளவு, திருப்பியதற்கான காரணங்கள், வேலை நேர முடக்கம், தமிழில் வந்த விண்ணப்பங்களும் அவற்றுக்குத் தமிழில் தந்த பதில்களும். கடைசியது சலுகையல்ல; அறிவிக்கப்பட்ட மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் தமிழிலும் கன்னடத்திலும் அரசோடு கடிதப்போக்குவரத்து நடத்தவும் அம்மொழியிலேயே பதில் பெறவும் கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் உரிமை தருகிறது. கே-ஸ்மார்ட்டுக்கு முன் பஞ்சாயத்துகளில் இருந்த ஐ.எல்.ஜி.எம்.எஸ். மென்பொருள் காலத்துத் தரவுகளையும் இதே அளவில் எடுத்துப் பார்த்தால்தான் புதிய மென்பொருள் எவ்வளவு முன்னேற்றம் தந்தது என்று ஒப்பிட முடியும். திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்ட நிர்வாகங்கள் இரண்டு மாநிலங்களுக்கும் இடையில் சிக்கிய விண்ணப்பங்களுக்குப் பொதுப் பட்டியல் ஒன்று வைத்து, காலாண்டுக்கு ஒருமுறை கூடித் தீர்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய கிராம சபை சட்டப்படி ஏற்கெனவே இருக்கிறது. பாறசாலையிலும் காரோட்டிலும் அடுத்து கூடும் சபைகளிலேயே இந்த எண்களை வாசிக்கத் தொடங்கலாம். அதற்கான உத்தரவை உள்ளாட்சித் துறை தாமதமின்றிப் பிறப்பிக்க வேண்டும்.