தேக நலம்: வேலியே பயிரை மேய்ந்தால்

தைராய்டு ரத்தப் பரீட்சைக் காகிதத்தில் 'டி.பி.ஓ. எதிர்ப்பொருள்' என்ற வரியில் எண் மிகுந்திருந்தால், வீடே கலங்கிவிடுகிறது. இங்கே வெள்ளிமலையிலும் அப்படியே. "வெளியே தெரிந்தால் பெண்ணின் கல்யாணம் தடைப்படுமே!" என்று அஞ்சிக் காகிதத்தைப் பெட்டிக்குள் பூட்டி வைக்கும் தாய்மார்கள் உண்டு. சிலர் உப்பையே குறை கூறுகிறார்கள்.

உப்பின் கதை வேறு. அயோடின் குறைவால் கழுத்துக் கழலை உண்டாவதையும், அயோடின் கலந்த உப்பால் அது குறைவதையும் 1956 முதல் இமயச் சாரலில் உள்ள காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் ராமலிங்கசுவாமி குழுவினர் ஆராய்ந்து காட்டினர். அதே 1956-இல் லண்டனில் ராய்ட், டோனியாக் முதலியோர் மற்றோர் உண்மையைக் கண்டனர். 1912-இல் ஜப்பானிய வைத்தியர் ஹஷிமோட்டோ நான்கு ஸ்திரீகளிடம் கண்டு எழுதிய சுரப்பி வீக்கத்துக்குக் காரணம், நோயாளியின் சொந்த ரத்தத்திலேயே இருந்தது! கிருமிகளை எதிர்க்க வேண்டிய காவற்படை, தன் சுரப்பியையே பகையென்று கருதித் தாக்குகிறது. வேலியே பயிரை மேய்கிறது. அந்தத் தாக்குதலின் அடையாளமே எதிர்ப்பொருள்.

ஆனால் அடையாளம் வேறு, சேதம் வேறு. சுரப்பி சரியாக வேலை செய்கிறதா என்பதைச் சொல்வது டி.எஸ்.எச். என்னும் எண். இங்கிலாந்தில் விக்கம் என்ற ஊரில் இருபது ஆண்டுகள் ஜனங்களைத் தொடர்ந்து கவனித்து, 1995-இல் முடிவை வெளியிட்டார்கள். எதிர்ப்பொருள் இருந்தும் டி.எஸ்.எச். சரியாக இருந்த ஸ்திரீகளில், சுரப்பி தளர்ந்தவர்கள் ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு பேர் வீதமே. டி.எஸ்.எச்.சும் உயர்ந்திருந்தவர்களில் நான்குக்குச் சற்று மேல். மலைமீது மேகம் கூடினால் அன்றே மழை பெய்தாக வேண்டும் என்பதில்லை; குடையை மறவாதிருந்தால் போதும்.

அந்தக் குடை யாது? ஆண்டுக்கொரு முறை டி.எஸ்.எச். பரீட்சை. காரணமின்றிச் சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், மாதவிலக்குக் கோளாறு தோன்றினால் உடனே பரீட்சை. எதிர்ப்பொருளின் எண்ணை அடிக்கடி அளந்து பார்ப்பதால் பயனில்லை. அதைக் குறைப்பதற்கென்று விற்கப்படும் பொடிகளுக்குப் பணம் இறைக்கவும் வேண்டாம். சுரப்பி தளர்ந்தால் லிவோதைராக்ஸின் மாத்திரை உண்டு. காலையில் வெறும் வயிற்றில் அதை உட்கொள்ள வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும்.

சுரப்பியைத் தூண்டிவிடும் வேறொரு வகை எதிர்ப்பொருளும் உண்டு. அதனால் படபடப்பும் உடல் மெலிவும் உண்டாகும்; அதற்குச் சிகிச்சை வேறு.

கல்யாணத்துக்கு இது தடையே அல்ல. ஆனால் கருவுற்றதும் வைத்தியரிடம் முதலில் சொல்ல வேண்டிய செய்தி இதுதான். ஆரம்ப மாதங்களில் சிசு தாயின் தைராய்டு சுரப்பையே நம்பி வளர்கிறது. மறைத்த காகிதம் தாய்க்கும் சேய்க்கும் தீங்காகலாம். காட்டிய காகிதம் இருவரையும் காக்கும்.