ஏப்ரலிலேயே பார்க்க வேண்டிய வேலை

பிளவக்கல் அணைத் தண்ணீரை நம்பி வத்திராயிருப்புப் பக்கம் விவசாயம் பார்ப்பவரோ, ராஜபாளையம் மில்லில் நைட் ஷிப்ட் பார்க்கும் அம்மாவோ பிள்ளைக்கு இயற்பியல் சொல்லித்தர முடியாதுதான். அதனால் “படி, படி” என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எல்.கே.ஜி.யிலிருந்து அந்தப் பிள்ளை கேட்டுச் சலித்த சொல் அது.

பிளஸ் டூ தேர்ச்சியில் விருதுநகர் மாவட்டம் முதலிடம் என்பது நமக்குப் பழகிய செய்தி, 2023-இல் 97.85 சதவீதம். சறுக்கல் ரிசல்ட்டுக்குப் பிறகுதான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-இல் வந்தது, பொறியியலுக்கு 2021-இல். அதற்குப் பள்ளியில் படித்த சான்று வேண்டும். வீட்டில் முதலில் கல்லூரிப் படியேறும் பிள்ளைக்கு முதல் பட்டதாரிச் சான்று. சாதிச் சான்று, வருமானச் சான்று தனி. ஆதாரில் ஒரு இனிஷியல், டி.சி.யில் வேறொன்று என்றால் தீர்ந்தது கதை. ஊரே இ-சேவை மையத்தில் நிற்கும் மே மாதத்தில் இதைத் திருத்தக் கிளம்புவானேன்? ஏப்ரலிலேயே ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அலைகிற அப்பாதான், என் கணக்கில், பெரிய டியூஷன் மாஸ்டர்.

நீட் அன்று மதியம் 1.30-க்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். வெளியே வேப்பமர நிழலில் ஒருவர் அடிக்கடி சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். மகள் கழற்றிக் கொடுத்த தோடும் கொலுசும் அதில் இருக்கும்.