இது மதுவிலக்கு இல்லை, பனைவிலக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. திட்ட நினைக்கிறவர்கள் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

பனை மரத்தில் தானாகப் புளிக்கிற கள்ளில் போதை ஏறத்தாழ 5 சதவீதம். ஆலையிலிருந்து பாட்டிலில் வருகிற பிராந்தியில் 42.8 சதவீதம். முதலாவதை இறக்கினால் குற்றம். இரண்டாவதை 2003 முதல் அரசே கடை திறந்து விற்கிறது. 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. இதற்கு நாம் மதுவிலக்கு என்று பெயர் வைத்திருக்கிறோம். 31 வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்தச் சொல் இங்கே பொருந்தவில்லை. இது பனைவிலக்கு.

நம் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு அக்கானி என்றால் விளக்க வேண்டியதில்லை. வெளியூர் நண்பர்களுக்காக: மற்ற இடங்களில் பதநீர் என்பார்கள். தை, மாசியில் பாளை விடும். பாளையைக் கடிப்பால் நசுக்கி, நுனியைச் சீவி, கலயத்தைக் கட்டுவார்கள். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் அது அக்கானி. தடவாவிட்டால் காற்றிலிருக்கும் ஈஸ்ட் புகுந்து, சில மணி நேரத்தில் அதுவே கள். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே சாறு. ஒரு விரல் சுண்ணாம்புதான் தொழிலாளியையும் குற்றவாளியையும் பிரிக்கிற கோடு.

என்னிடம் படித்த ஒருவர் பனையேறுகிறார். பெயரும் ஊரும் வேண்டாம். ஒருநாள் அவருடைய கலயங்களை உடைத்துப் போட்டுவிட்டார்கள், அக்கானி புளித்திருந்ததாம். "சாறே, பத்துப் பனை ஏறி எறங்குறதுக்குள்ள வெயில் ஏறிட்டு. சுண்ணாம்பு கொஞ்சம் கொறஞ்சு போச்சு. அதுக்கு நான் கள்ளச்சாராயக்காரனா?" என்று கேட்டார். காலையும் மாலையுமாக ஒரு மரத்தில் இரண்டு தடவை ஏறுகிற மனுஷன் அவர். எந்த இலக்கணத்தை வைத்து நான் பதில் சொல்ல?

இந்தக் கேள்வி மனசில் கிடந்தபோதுதான் போன வருஷம் இத்தாலியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனேன். உதினே என்ற நகரம், நாட்டின் வடகிழக்கு மூலை. மருமகன் ஒரு சாயங்காலம் தெருமுனையிலிருந்த சின்ன வைன் கடைக்குக் கூட்டிப்போனார். டீக்கடை மாதிரி இடம்தான். பெரியவர்கள் நின்றபடி ஒரு சின்ன கிளாஸ் குடித்து, நாலு வார்த்தை பேசிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். சுவரில் கரும்பலகை. ஒவ்வொரு வைனுக்கும் நேரே அது விளைந்த ஊரின் பெயர். பக்கத்து ஊருடையது என்று சொல்லிக் கடைக்காரர் ஒரு சிவப்பு வைன் ஊற்றினார். கிளாசை மூக்குக்குக் கொண்டுபோனதும் அசந்துவிட்டேன், நல்லமிளகு வாசனை! இடித்துப் போட்டதோ என்று கேட்டேன். திராட்சையிலேயே இருக்கிற வாசனையாம். பெயர் ஸ்கியோப்பெத்தீனோ. பிரெபொத்தோ என்ற மலையடிவாரக் கிராமத்துக்காரர்களின் திராட்சை. அந்தக் கிராமத்து ஆற்றைத் தாண்டினால் ஸ்லோவேனியா. நமக்குக் களியக்காவிளை போல, அதுவும் ஒரு எல்லைப்புறம்.

வைன் வாசனையைச் சொல்லிப் பெருமையடிக்க இதை எழுதவில்லை. அந்தத் திராட்சையின் கதை நம் கதை.

பூச்சி நோயும் இரண்டு உலகப் போர்களும் அந்தக் கொடியை ஏறக்குறைய அழித்துவிட்டன. விவசாயிகள் பிரெஞ்சு ரகங்களுக்கு மாறினார்கள். போதாததற்கு, நடலாம் என்று அரசு அனுமதித்த ரகங்களின் பட்டியலில் இதன் பெயர் இல்லை. நட்டால் சட்டவிரோதம். 1970இல் பாவ்லோ ரப்புட்சி, தீனா ரப்புட்சி என்ற தம்பதி, அங்கங்கே மிச்சமிருந்த கொடிகளைத் தேடியெடுத்துத் தங்கள் தோட்டத்தில் நட்டார்கள். அதே வட்டாரத்தில் மது வடிக்கும் நோனினோ குடும்பம், அழியப்போகும் உள்ளூர்த் திராட்சைகளைக் காப்பாற்றுகிறவர்களுக்கென்றே ஒரு விருதை ஏற்படுத்தி, 1976இல் அதை ரப்புட்சி குடும்பத்துக்குக் கொடுத்தது. சட்டம் தடுத்த கொடியை நட்டவருக்கு ஊரறிய மாலை! பிறகு சட்டம்தான் இறங்கி வந்தது. இன்றைக்குப் பிரெபொத்தோ என்ற ஊர்ப்பெயரோடு அந்த வைன் விற்கிறது. வேறு ஊர்க்காரன் அந்தப் பெயரைப் போட முடியாது.

அங்கே ஒரு கொடியைக் காப்பாற்றச் சட்டத்தைத் திருத்தினார்கள். இங்கே சட்டத்தைக் காப்பாற்ற மரத்தைப் பட்டினி போடுகிறோம்.

இத்தாலி வேண்டாம், அது பணக்கார நாடு என்பீர்கள். கோவாவுக்கு வாருங்கள். முந்திரிப் பழத்தில் வடிக்கிற ஃபெனிக்கு 2009இல் புவிசார் குறியீடு, 2016இல் மாநிலத்தின் பாரம்பரிய மது என்ற தகுதி. அதுவும் தூரமா? களியக்காவிளையிலிருந்து பாறசாலைக்குப் போங்கள். அங்கே கள்ளுஷாப்பு உரிமத்தோடு நடக்கிறது, கப்பையும் மீன்கறியும் சேர்த்து. 1956 நவம்பர் 1 வரை நாமும் அவர்களும் ஒரே மாநிலத்து மண்தான். எல்லைக் கல்லை நட்டதும், ஒரு பக்கத்து மரம் மட்டும் கெட்டுப்போய்விட்டதா?

பழைய திருவிதாங்கூரில் பனையேறிகளிடம் ஏணிக்காணம், தளைக்காணம் என்று வரி வாங்கினார்கள். ஏறுகிற ஏணிக்கும் காலில் மாட்டுகிற தளைக்கும் வரி! கொடுமைதான். ஆனால் ராஜா தளைக்கு வரி போட்டார், நம் ஜனநாயகம் கலயத்துக்கு வழக்குப் போடுகிறது. எது முன்னேற்றம் என்று நீங்களே சொல்லுங்கள்.

மறுப்புகள் தெரியும். வரிசையாக வருகிறேன்.

"சாரே, குடியால் எத்தனை குடும்பம் அழிகிறது?" உண்மை. வகுப்பில் பசியோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தவன் நான். அவர்கள் வீட்டைக் கெடுத்தது பனங்கள் இல்லை, குவார்ட்டர் பாட்டில். அரசியல் சட்டத்தின் 47ஆம் பிரிவு மதுவிலக்கை அரசின் கடமை என்கிறது. அந்தப் பிரிவு மரத்துக்கும் பாட்டிலுக்கும் பேதம் பார்க்கவில்லை. இரண்டையும் மூடுங்கள், முதல் ஆளாகக் கைதட்டுகிறேன். ஒன்றை மூடிவிட்டு மற்றதில் கல்லாக் கட்டிக்கொண்டு 47ஐ வாசிக்காதீர்கள்.

"கள்ளில் கலப்படம் செய்வார்களே?" செய்தார்கள். ஏலம் எடுத்த குத்தகைக்காரன், மரத்தில் வருவதைவிட அதிகமாக விற்க மருந்து கலந்தான். கேரளத்திலும் புகார்கள் வராமல் இல்லை. ஆனால் ஏறியவரே, ஏறிய விளையிலேயே, இறக்கிய சில மணி நேரத்தில் விற்றால் கலப்படத்துக்கு இடமேது? ஊர்ப்பெயர் போட்ட வைனின் ரகசியமும் இதுதான், யார் விளைவித்தார் என்று எல்லாருக்கும் தெரியும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது மெத்தனால், கள்ளில்லை.

"கருப்பட்டி காய்ச்சிப் பிழைக்கலாமே?" காய்ச்சிப் பாருங்கள். விறகு என்ன விலை என்று கேளுங்கள். பக்கத்துக் கடையில் சீனி கலந்த போலிக் கருப்பட்டி பாதி விலைக்குக் கிடக்கும். அதோடு போட்டி போட முடியாமல்தான் பனையேறி மகன் கொத்தனார் வேலைக்குப் போகிறான். ஏற ஆளில்லாத பனையைச் செங்கல் சூளைக்கு வெட்டுகிறார்கள், அந்த விளையில் ரப்பர் வைக்கிறார்கள். பனையை மாநில மரம் என்கிறோம், வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அறிவிக்கவும் செய்தோம். மரத்துக்குப் பாதுகாப்பு, ஏறுகிறவருக்கு வழக்கு. ஏறுகிறவர் இல்லாமல் எந்த மரம் பிழைத்திருக்கிறது?

ஒன்றை நினைத்துப் பாருங்கள். சென்னையில் அரசின் எலைட் கடைக்குப் போனால் வெளிநாட்டு வைன் சட்டப்படி வாங்கலாம். எங்கோ ஒரு நாட்டு விவசாயியின் திராட்சைச் சாறு புளித்தால் அது நாகரிகம். கருங்கல் பக்கத்து விவசாயியின் பனஞ்சாறு புளித்தால் அது குற்றம்.

நான் கேட்பது மூன்று. பனங்கள்ளையும் தென்னங்கள்ளையும் தடையிலிருந்து எடுங்கள். உரிமத்தைக் குத்தகைக்காரருக்குக் கொடுக்காமல் பனையேறிகளுக்கும் அவர்களுடைய சங்கத்துக்கும் கொடுங்கள். குமரி மட்டிப் பழத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கியது போல, எங்கள் அக்கானிக்கும் இந்த மண்ணின் பெயரைப் போட்டு விற்க வழி செய்யுங்கள்.

யாரையும் குடிக்கச் சொல்லவில்லை. அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு வீட்டுப் படியேறி வருகிறவரிடம், எந்தக் கட்சியானாலும் சரி, இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "பாட்டிலுக்குக் கடை, பனைக்கு வழக்கு, ஏன்?" என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.