சிவப்பு கப்பும் ஸ்டாஃப் ரூம் வாசலும்

நம்ம ஊர் காலேஜ்ல 'மாணவர் கற்றல் உதவி மையம்'னு ஒண்ணு கட்டப் போறாங்கன்னு வைங்க. முதல்ல கல்வெட்டு பதிக்க சுவர் ரெடியாகும். அப்புறம் ஏசி, கண்ணாடிக் கதவு, செருப்பைக் கழட்டச் சொல்லி வாசல்ல ஒரு போர்டு. உள்ளே பூட்டின பீரோ. சாவி எங்கேன்னு கேட்டா "சார் இன்னிக்கு லீவு". இதுல மிகை ஒண்ணும் இல்லைன்னு இன்ஜினியரிங் படிச்ச மக்களுக்குத் தெரியும் :-)

பொட்டி தட்டுறவனுக்கு கட்டடத்தைப் பத்தி என்ன தெரியும்னு நீங்க கேட்கலாம். பயன்படுத்துறவன் எந்த இடத்துல தயங்கி நிக்கிறான்? இந்தக் கேள்வியை வெச்சுக்கிட்டுத்தான் ஆபீஸ்ல தினமும் சண்டை போடுறோம். அதையே ஒரு கட்டடத்தைப் பார்த்தும் கேட்கலாம் இல்லையா?

அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 1997-ல் கணக்குப் பாடங்களுக்காக 'மேத் எம்போரியம்' என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். புதுக் கட்டடம் எல்லாம் கிடையாது. காலியாகக் கிடந்த ஒரு பழைய டிபார்ட்மென்ட் ஸ்டோரைப் பிடித்து, ஒரே ஹாலில் ஐநூறுக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களைப் போட்டார்கள். மாணவர்கள் அவரவர் வேகத்தில் பாடத்தைப் பார்த்து கணக்குப் போட வேண்டும். ஆள் போதவில்லை, கம்ப்யூட்டரே வாத்தியார் என்கிற அந்தப் பாதியை நான் கொண்டாட மாட்டேன். எனக்குப் பிடித்தது அங்கே இருந்த சிவப்பு பிளாஸ்டிக் கப். டவுட்டு வந்தால் கப்பை எடுத்து மானிட்டர் மேல் வைக்க வேண்டியது, அவ்வளவுதான். ஹாலைச் சுற்றி வருகிற உதவியாளர் அதைப் பார்த்துட்டு தானே பக்கத்தில் வந்து உட்காருவார்.

அந்தக் கப்போட விலை என்ன இருக்கும்? ஆனா அது எதையெல்லாம் காலி பண்ணுதுன்னு பாருங்க. எழுந்து நடக்க வேண்டாம். கதவைத் தட்ட வேண்டாம். "எக்ஸ்க்யூஸ் மீ சார்" வேண்டாம். முக்கியமா, டவுட்டை ஒரு முழு இங்கிலீஷ் வாக்கியமா மனசுக்குள்ள கட்டி எடுத்துட்டுப் போக வேண்டாம்.

எங்க ஸ்டாஃப் ரூம் இதுக்கு நேர் எதிர். நீளமான அறை, பத்துப் பதினைஞ்சு மேஜை, நடுவுல நடைபாதை. கடைசி மேஜைல இருக்கிறவர்கிட்ட லாப்ளேஸ் டிரான்ஸ்ஃபார்ம் கேட்கணும்னா, அத்தனை பேர் பார்க்க நடந்து போய், நின்னுக்கிட்டே கேட்கணும். மாணவனுக்கு நாற்காலி கிடையாது. என் ரூம்மேட் ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், கணக்குல 190-க்கு மேல எடுத்தவன். முதல் செமஸ்டர்ல கணக்குலயே அரியர். வாசல் வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வந்ததை அவனே எத்தனையோ தடவை சொல்லியிருக்கான். உள்ளே இருந்த வாத்தியார்கள்ல நல்லவங்களும் இருந்தாங்க. ஆனா அந்த நல்ல மனசை எட்டுறதுக்குள்ள இருபது அடி நடக்கணுமே.

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகம் 2006-ல் சால்டயர் சென்டரைத் திறந்தது. அங்கே கீழ்த்தளத்தை வேண்டுமென்றே சத்தத்துக்கு விட்டுவிட்டார்கள். காபிக் கடை அங்கேயே, பேசிப் படிக்கிற கூட்டம் அங்கேயே, மாணவர்களுக்கான உதவி கவுன்ட்டரும் அங்கேயே. மேலே போகப் போக அமைதி. ஃபீஸ் பிரச்சினைக்கு வந்தவனா, படிப்பு ஓடாமல் வந்தவனா, இல்லை சும்மா காபி குடிக்க வந்தவனா என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. உதவி கேட்கப் போறதே வெளியே தெரியாத மாதிரி ஒரு இடம். நம்ம ஊர்ல 'கவுன்சிலிங் அறை'ன்னு பெரிய எழுத்துல போர்டு மாட்டி, அதை பிரின்சிபால் ரூமுக்கு எதிர்லயே வைப்பாங்க!

இன்னொரு பக்கம் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் 2010-ல் திறந்த ரோலெக்ஸ் லேர்னிங் சென்டர். ஜப்பானின் சானா நிறுவனம் வடிவமைத்தது. ஒரே பெரிய தளம், ஆனால் குன்று மாதிரி ஏறி இறங்கும். போட்டோவில் பார்த்தால் சொக்கிப் போவோம். ஆனா சக்கர நாற்காலியில் வருகிற மாணவருக்கு அதே சரிவுதான் தொல்லை. அதுக்குத் தனியா சாய்வு லிஃப்ட் வெச்சிருக்காங்க, சரி. தரையை முதல்லயே மட்டமா போட்டிருந்தா லிஃப்ட்டே வேண்டாமேன்னு எனக்குத் தோணுது. கட்டடக்கலை நண்பர்கள் அடிக்க வரலாம்.

நேரமும் டிசைன்தான். "எங்க லைப்ரரி ராத்திரி பத்து மணி வரைக்கும் திறந்திருக்கும்"னு பெருமையா சொல்ற காலேஜ்லயே பெண்கள் விடுதி கேட்டை சாயங்காலம் ஆறரைக்குப் பூட்டினா, அந்த மூணரை மணி நேரம் யாருக்கு? 2015-ல் டெல்லியில் 'பிஞ்ச்ரா தோட்' பெண்கள் தெருவில் இறங்கிக் கேட்ட கேள்விகளில் இதுவும் ஒன்று. என்ன அருமையா ரீடிங் ஹால் கட்டினாலும், பாதிப் பேர் நுழைய முடியாதுன்னா அது பாதி லைப்ரரிதானே?

நம்ம ஊர்ல உருப்படியா எதுவுமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். 2010-ல் திறந்த கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தைக் கொண்டு வந்து படிக்கத் தனிப் பகுதி உண்டு. பையை வெளியே வை, சொந்தப் புத்தகம் உள்ளே வரக்கூடாதுன்னு விரட்டின காலேஜ் லைப்ரரியைப் பார்த்தவனுக்குத்தான் அதோட அருமை புரியும். வீட்டுல ஒரே அறை, டிவி, சின்னப் பசங்கன்னு இருக்கிற குடும்பத்துப் பிள்ளைக்கு வேண்டியது ஒரு மேஜை, ஒரு ஃபேன், ஒரு பிளக் பாயின்ட். புத்தகத்தை அது எப்படியும் தேத்திக்கும்.

எங்க காலேஜ்ல நிஜமான கற்றல் உதவி மையம் எதுன்னா, கேட்டுக்கு எதிர்ல இருந்த ஜெராக்ஸ் கடைதான். வாசல்ல ரெண்டு பெஞ்ச், பக்கத்துல டீ, நோட்ஸ் நகலெடுக்க வர்ற சீனியருங்க. பரீட்சைக்கு முந்தின நாள் பதினாறு மார்க் கேள்வியை அங்க நின்னே யாராவது ஒருத்தர் சொல்லிக் கொடுத்துடுவாங்க. கடைக்காரர் டிசைனர் இல்லை. பெஞ்ச் போட்டா ஆள் நிப்பாங்கன்னு தெரிஞ்சவர்.

ஒரு காலேஜ் நிர்வாகம் அஞ்சு கோடிக்கு மையம் கட்டுறதுக்கு முன்னாடி, லைப்ரரிக்கு வெளியே இருக்கிற வராந்தால நாலு வட்ட மேஜை, பிளக் பாயின்ட், சாயங்காலம் அஞ்சிலிருந்து எட்டு வரைக்கும் சம்பளம் கொடுத்து ரெண்டு ஃபைனல் இயர் பசங்கன்னு ஒரு செமஸ்டர் ஓட்டிப் பார்க்கட்டும். மேஜைக்கு ஆறு கப் நான் வாங்கித் தர்றேன். கேர்ள்ஸ் ஹாஸ்டல் கேட்டையும் எட்டரைக்குத் தள்ளி வைக்கணும், அதை மறந்துடக் கூடாது.

உங்க காலேஜ்ல கூச்சப்படாம டவுட்டு கேட்க எந்த இடம் இருந்துச்சு மக்களே? கேன்டீன், மொட்டை மாடி, பஸ் கடைசி சீட்டு, எதுவா இருந்தாலும் பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.