பேட்ஜில் வந்த எண்ணுக்கு யார் பொறுப்பு?

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் ஓர் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறைக்குள் போனால், அங்கே வேலை பார்ப்பவரின் நெஞ்சில் ஒரு சின்ன பிளாஸ்டிக் உறை குத்தியிருக்க வேண்டும். டிஎல்டி பேட்ஜ். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது ஆய்வகத்துக்குப் போகும். பதிலுக்கு ஓர் எண் வரும். பெரும்பாலும் பூஜ்யம் அல்லது அதற்குப் பக்கத்தில். எப்போதாவது, யாரும் எதிர்பார்க்காத பெரிய எண். அப்போது நிர்வாகம் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "பேட்ஜை எங்கேம்மா கழட்டி வெச்சே?"

கேட்கக்கூடாத கேள்வி இல்லை. ஆனால் அதுவே முதல் கேள்வியாகவும் கடைசிக் கேள்வியாகவும் இருப்பதைத்தான் எதிர்க்கிறேன். மென்பொருள் வேலையில் இந்த நோய் எங்களுக்கு நல்ல பழக்கம். எது உடைந்தாலும் "பயன்படுத்தினவர் தப்பு" என்று எழுதிக் கோப்பை மூடிவிடலாம். ஆனால் எங்கள் கோப்பில் ஒரு மனிதரின் எலும்பு மஜ்ஜை இருப்பதில்லை.

முதலில், அந்தப் பேட்ஜுக்கு என்ன தெரியும்? உள்ளே டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட் வில்லைகள் மூன்று. ஒன்றின் மேல் உலோகத் தடுப்பு, இன்னொன்றின் மேல் பிளாஸ்டிக், மூன்றாவது திறந்தபடி. கதிர் பட்டால் அதன் ஆற்றல் படிகத்துக்குள் சிக்கிக்கொள்ளும். ஆய்வகத்தில் சூடாக்கினால் ஒளியாக வெளியேறும். அந்த ஒளியை அளந்துதான் டோஸைக் கணக்கிடுகிறார்கள். எக்ஸ்ரே போன்ற குறைந்த ஆற்றல் கதிரை உலோகம் பெருமளவு தடுத்துவிடும். கோபால்ட்-60 போன்றவற்றின் காமா கதிர் மூன்றையும் ஏறக்குறைய ஒரே மாதிரி தாக்கும். ஆக, எந்த வகைக் கதிர் என்று மூன்று வில்லைகளின் விகிதமே ஓரளவு சொல்லிவிடும். எக்ஸ்ரே அறையைத் தாண்டிப் போகாதவரின் பேட்ஜில் காமா சாயல் தெரிந்தால், தேட வேண்டிய இடமே வேறு.

அதற்குத் தெரியாதது இன்னும் முக்கியம். தொண்ணூறு நாளில் எந்த நாள் பட்டது என்று தெரியாது. ஒரே அடியாகவா, சிறுகச் சிறுகவா என்று தெரியாது. அந்த நேரத்தில் அது நெஞ்சில் இருந்ததா, ஆணியில் தொங்கியதா என்றும் தெரியாது. நேரமே குறிக்காத பதிவேடு அது. இந்த ஓட்டைகளை விசாரணைதான் அடைக்க வேண்டும்.

விசாரிக்க விஷயமா இல்லை? ஈய ஏப்ரனுக்கு உள்ளே குத்த வேண்டியதை வெளியே குத்தியிருக்கலாம். பேட்ஜ்கள் ஆள் மாறியிருக்கலாம். அவரே நோயாளியாக ஸ்கேனுக்குப் படுத்தபோது அதைக் கழற்ற மறந்திருக்கலாம். எந்திரத்தின் உறையில் கசிவு இருக்கலாம். ஒருவர் செய்ய வேண்டிய இடத்தில் மூன்று பேர் வேலையை அவர் செய்திருக்கலாம். கடைசி இரண்டும் நிர்வாகத்தின் கணக்கில் சேர்பவை. அதனால்தானோ என்னவோ, விசாரணை பெரும்பாலும் அதுவரை போவதில்லை.

இன்னொன்று, பூஜ்யத்தை யாருமே விசாரிப்பதில்லை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு கட்டுப்பாட்டு பேட்ஜ் உண்டு. கதிர் படாத இடத்தில் வைக்க வேண்டும். அதன் அளவைக் கழித்துத்தான் மற்றவர்கள் கணக்கு போடப்படும். அதையே எக்ஸ்ரே அறை அலமாரியில் வைத்துவிட்டால் என்ன ஆகும்? அது வாங்கிய கதிரும் சேர்ந்து எல்லோர் கணக்கிலும் கழியும். உண்மையில் பட்ட டோஸ் காகிதத்தில் காணாமல் போகும். நாளெல்லாம் ஃப்ளூரோஸ்கோபி அறையில் நிற்பவருக்கு வருடம் முழுக்க பூஜ்யம் வந்தால் அது நல்ல செய்தி இல்லை, சந்தேகப்பட வேண்டிய செய்தி. ஆனால் பெரிய எண்ணுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம், பூஜ்யத்துக்கு நிம்மதி என்றால் தொழிலாளி என்ன கற்றுக்கொள்வார்? பேட்ஜை மேசை டிராயரில் போட்டுப் பூட்டத்தான்.

"சின்ன ஆஸ்பத்திரிங்க அப்படித்தான் இருக்கும்" என்று யாரும் ஒதுக்க வேண்டாம். புதுச்சேரியிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் இருக்கிறது கல்பாக்கம். 2003 ஜனவரி 21 அன்று அங்குள்ள அணு எரிபொருள் மறுசுழற்சி ஆலையில், குறைந்த கதிரியக்கக் கழிவின் மாதிரியை எடுக்கச் சிலர் போனார்கள். ஒரு வால்வு பழுதாகி, உயர் கதிரியக்கக் கழிவு அங்கே வந்து சேர்ந்திருந்தது அவர்களுக்குத் தெரியாது. எச்சரிக்கும் கதிர் அளவி அந்தப் பகுதியில் பொருத்தப்படவே இல்லை. மாதிரியைச் சோதித்த பிறகுதான் விஷயமே புரிந்தது. ஆறு பேர் அனுமதிக்கப்பட்ட ஆண்டு வரம்பைப் பல மடங்கு தாண்டிய கதிரை வாங்கினார்கள். நிர்வாகம் என்ன சொன்னது? தொழிலாளர்கள் அவசரப்பட்டார்கள், பேட்ஜ் அணியவில்லை என்றது. டிஎல்டி பேட்ஜ் கத்தாது, மின்னாது. சூடாக்கிப் படிக்கும்வரை வாயே திறக்காது. அணிந்திருந்தாலும் அவர்களை அது காப்பாற்றியிருக்காது. வாங்கிய அளவைப் பிறகு சொல்லியிருக்கும், அவ்வளவுதான். அளவி வைக்காத குற்றத்தைப் பேட்ஜ் குத்தாத குற்றத்தால் மூடினார்கள்.

பேட்ஜ் அணிவது தொழிலாளியின் கடமை, சந்தேகமே இல்லை. ஆனால் 2004-ஆம் ஆண்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் நிர்வாகத்துக்கும் கடமைகளை வைத்திருக்கின்றன. டோஸ் பதிவை ஆண்டுதோறும் தொழிலாளிக்குத் தர வேண்டும் என்பது அதில் ஒன்று. ஐந்து ஆண்டு சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லி சீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது என்ற வரம்பு, தன் எண் என்னவென்றே தெரியாதவருக்கு எதற்கு? மேற்பார்வையின் லட்சணத்தையும் பார்த்துவிட்டோம். 2012-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, நாட்டின் 57,443 மருத்துவ எக்ஸ்ரே நிலையங்களில் 5,270 மட்டுமே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தில் பதிவானவை என்றது. மேலே இருப்பவர்கள் பார்க்காத இடத்தில், கீழே இருப்பவரின் சட்டைப் பைதான் விசாரணைக் கூண்டு.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. விநோதமான எண் வந்தால், அதே காலாண்டில் அதே அறையில் வேலை செய்த மற்றவர்களின் எண்களைப் பக்கத்தில் வையுங்கள். கட்டுப்பாட்டு பேட்ஜ் எங்கே இருந்தது என்று பாருங்கள். எத்தனை படம் எடுத்தார் என்று பதிவேட்டைப் புரட்டுங்கள். எந்திரத்தைச் சோதியுங்கள். அதற்கப்புறம் அவரிடம் கேளுங்கள். "இது ஆள் மீது பட்டதல்ல, பேட்ஜ் மீது மட்டும் பட்டது" என்று முடிவெடுத்தால், காரணத்தை எழுதி அவர் கையில் கொடுங்கள். பூஜ்யம் வந்தாலும் இதையே செய்யுங்கள். இவ்வளவும் செய்ய ஒரு வாரம் போதும். ஒருவரைக் கூப்பிட்டுத் திட்ட ஐந்து நிமிஷம் போதும் என்பதால்தான் இது நடக்காமல் இருக்கிறது.